திறந்த பாத்திரத்துக்கு விசில் எதற்கு? வென்ட் குழாய் வைத்த பாய்லரும் அதன் சேஃப்டி வால்வும்

பிரஷர் குக்கருக்கு ஏன் வெயிட் போடுகிறோம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூடி இறுகப் பூட்டியிருக்கிறது, உள்ளே ஆவி சேர்கிறது, ஓர் அளவுக்கு மேல் போனால் அது வெளியேற வழி வேண்டும். ஆனால் மூடியே போடாத குண்டானுக்கு யாராவது விசில் மாட்டுவார்களா?

வீட்டைச் சூடாக்கும் பாய்லர்களில் ஒரு வகை ஏறக்குறைய அந்த மூடியில்லாத குண்டான்தான். பாய்லரிலிருந்து கிளம்பும் ஒரு குழாய் வீட்டின் உச்சி வரை போய், அங்கே வாயைத் திறந்தபடியே நிற்கும். அப்படியிருந்தும் பல இடங்களில் பாய்லருக்குப் பக்கத்திலேயே சிவப்புக் குமிழ் வைத்த பித்தளை வால்வு ஒன்றையும் பார்க்கலாம். திறந்த அமைப்புக்கு இது எதற்கு என்று கேட்டால் பிளம்பர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். 'தேவையே இல்லை' என்பது ஒரு கட்சி, 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் அந்த வால்வு இருக்கிற தைரியத்தில் மேலே போகும் குழாயை மறந்துவிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. காரணம் புரிய வேண்டுமென்றால், தண்ணீர் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பரணில் ஒரு சின்னத் தொட்டி

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பழைய வீடுகளில் இந்த அமைப்பு இன்னும் நிறைய உண்டு. கீழே பாய்லர். அது சூடாக்கிய தண்ணீர் குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறையிலும் இருக்கும் ரேடியேட்டருக்குப் போய், அறையைச் சூடாக்கிவிட்டு, ஆறித் திரும்பி வரும். அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றும். கூரைக்கு அடியில், பரணில், ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் இருப்பது போன்ற ஒரு மிதவை வால்வு. சுற்றிலிருந்து தண்ணீர் குறைந்தால் இந்தத் தொட்டி நிரப்பிக் கொடுக்கும்.

தொட்டியையும் பாய்லர் சுற்றையும் இணைப்பவை இரண்டு குழாய்கள். ஒன்று தொட்டியின் அடியிலிருந்து இறங்கும் ஊட்டுக்குழாய்; வீடுகளில் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் செப்புக்குழாய். மற்றது வென்ட் குழாய். குறைந்தது 22 மில்லிமீட்டர். இது பாய்லரின் சூடான பக்கத்திலிருந்து கிளம்பி, எங்கும் தாழாமல் ஏறிக்கொண்டே போய், தொட்டியின் நீர்மட்டத்தையும் தாண்டி உயர்ந்து, பிறகு கைத்தடியின் பிடி மாதிரி வளைந்து தொட்டிக்கு மேலே குனிந்து நிற்கும். அதன் முனை தண்ணீரைத் தொடாது. அந்தக் குழாயில் எந்த வால்வும் இருக்கக் கூடாது. 'பராமரிப்புக்கு வசதியாக இருக்குமே' என்று ஒன்றை வைப்பதுகூடக் கூடாது.

இப்போது பாய்லரை மூட்டுவோம். 10 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 80 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது ஏறக்குறைய 3 சதவீதம் பெருக்கும். கொதிநிலை வரை போனால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். சுற்றில் மொத்தம் 100 லிட்டர் இருந்தால் 3 லிட்டருக்கு இடம் தேவைப்படும். அந்த 3 லிட்டர் சத்தமில்லாமல் ஊட்டுக்குழாய் வழியே மேலேறித் தொட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இரவு பாய்லர் ஆறியதும் அதே வழியாக இறங்கிவிடும். இதனால்தான் குளிர்ந்திருக்கும்போது தொட்டியில் தண்ணீர் கொஞ்சமாக, அடியில்தான் இருக்க வேண்டும். மிதவையை உயர்த்தி வைத்துத் தொட்டி நிறைய நிரப்பிவிடுகிறவர்கள் உண்டு. அந்த வீடுகளில் தினமும் சூடேறும்போது 3 லிட்டர் வழிந்து வெளியே போகும், ஆறும்போது 3 லிட்டர் புதுத்தண்ணீர் உள்ளே வரும். இது வெறும் தண்ணீர்ச் செலவு இல்லை. ஏன் என்பது பின்னால் தெரியும்.

ஆக, பெருக்கத்தைத் தாங்குகிற அன்றாட வேலையை ஊட்டுக்குழாயே பார்த்துக்கொள்கிறது. அப்படியானால் வென்ட் குழாய் எதற்கு? போதிய சூடு வந்ததும் தீயை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் வேலை செய்யாமல் போய், பாய்லர் நிறுத்தாமல் எரிந்துகொண்டே இருக்கும் நாளுக்காக.

10 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் சுமார் 1 பார். தொட்டி பாய்லருக்கு 6 மீட்டர் மேலே இருந்தால் பாய்லரில் 0.6 பார் அழுத்தம் எப்போதும் இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 113 டிகிரி வரை போகும். அப்படிச் சூடான தண்ணீர் வென்ட் குழாயில் ஏற ஏற, அதன் மேல் நிற்கும் தண்ணீரின் கனம் குறைகிறது; அழுத்தமும் குறைகிறது; வழியிலேயே ஆவியாக உடைந்து குமுறும். மேலே வளைந்த முனை கொதிநீரையும் ஆவியையும் தொட்டிக்குள் கக்கும். பார்க்கவும் கேட்கவும் பயமாகத்தான் இருக்கும். பரணிலிருந்து தடதடவென்று சத்தம், கூரையிடுக்கில் புகை மாதிரி ஆவி. ஆனால் பாய்லருக்குள் அழுத்தம் 0.7 பாரைத் தாண்டியிருக்காது. வென்ட் குழாயின் உச்சி எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் அழுத்தத்தின் உச்சவரம்பு. எந்த ஸ்பிரிங்கும் எந்த வாஷரும் இல்லாமல், புவியீர்ப்பு மட்டுமே வேலை செய்யும் சேஃப்டி வால்வு இது. பழுதாக இதில் அசையும் பாகமே கிடையாது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். வென்ட் குழாய் தன் கடமையைச் செய்தாலும் தொட்டி அதைத் தாங்க வேண்டும். 2006-இல் இங்கிலாந்தின் டான்டன் நகரில் ஒரு வீட்டில் சுடுநீர்ச் சிலிண்டரின் மின்சூடேற்றித் தெர்மோஸ்டாட் பழுதாகி, கொதிநீர் வென்ட் வழியாகப் பரணிலிருந்த பிளாஸ்டிக் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டே இருந்தது. தொட்டி இளகிச் சரிந்து, கீழே படுத்திருந்த குழந்தை மேல் கொதிநீர் விழுந்து, குழந்தை இறந்துபோனது. அது பாய்லர் சுற்று இல்லை, குளியல் நீருக்கான சிலிண்டர். ஆனால் பாடம் ஒன்றுதான். தொட்டி கொதிநீரைத் தாங்கும் பிளாஸ்டிக்கால் ஆனதாக இருக்க வேண்டும், அதன் அடிப்பரப்பு முழுவதும் பலகை மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு கட்டைகளின் மேல் தூக்கி வைத்த தொட்டி குளிர்ந்த தண்ணீரைத் தாங்கும். சூட்டில் நடுவே தொய்ந்துவிடும்.

பித்தளை வால்வுக்குள் என்ன இருக்கிறது

வீட்டு பாய்லரின் சேஃப்டி வால்வைக் கழற்றிப் பிரித்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். அவ்வளவு எளிமை. உள்ளங்கையில் அடங்கும் பித்தளை உடம்பு. அடியில் தண்ணீர் வரும் வாய், பக்கவாட்டில் வெளியேறும் வாய். இரண்டுக்கும் நடுவே வட்டமான விளிம்பு. இதைத்தான் சீட் என்பார்கள். அந்த விளிம்பின் மேல் ஒரு ரப்பர் தட்டு உட்கார்ந்திருக்கும். தட்டை மேலிருந்து ஒரு கெட்டியான ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். தண்ணீர் கீழிருந்து தள்ளும் விசை ஸ்பிரிங்கின் விசையைத் தாண்டினால் தட்டு எழும்பும், தண்ணீர் பக்கவாட்டில் போகும். அழுத்தம் குறைந்ததும் தட்டு திரும்ப உட்காரும். உச்சியில் இருக்கும் குமிழைத் திருப்பினால் தட்டைக் கையாலேயே தூக்கிவிடலாம். சோதிப்பதற்காக வைத்தது அது. எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே நிர்ணயித்துவிடுவார்கள். வீட்டு வெப்பமூட்டலில் வழக்கமாகப் புழங்குவது 3 பார்.

ஸ்பிரிங்குக்குப் பதில் எடைக்கல் வைத்த வால்வுகள் இதைவிடப் பழசு. பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பான் 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் காட்டிய ஆவிப் பாத்திரத்தோடு தொடர்புபடுத்தித்தான் சேஃப்டி வால்வின் பிறப்பைச் சொல்வார்கள். எலும்பை மென்மையாக வேகவைக்கும் இறுக மூடிய பாத்திரம் அது. மூடியில் இருந்த துளையை நெம்புகோலில் தொங்கும் எடை அழுத்திப் பிடித்திருந்தது. இன்றைய குக்கர் வெயிட்டுக்கு அதுதான் பாட்டன்.

3 பார் என்ற எண்ணைச் சற்று யோசித்துப் பாருங்கள். நம் திறந்த அமைப்பில் வென்ட் சரியாக இருந்தால் அழுத்தம் 0.7 பாரைத் தாண்டாது என்று பார்த்தோம். 3 பார் வர வேண்டுமென்றால் வென்ட் முனை 30 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது வழிகள் திறந்திருக்கும் வரை இந்த வால்வு திறக்கவே போவதில்லை. தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் கொதித்து வீடே அதிர்ந்தாலும் திறக்காது. 'சேஃப்டி வால்வு இருக்கிறதே, சூடு அதிகமானால் அது பார்த்துக்கொள்ளும்' என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. இந்த வால்வுக்கு அழுத்தம் மட்டுமே தெரியும், சூடு தெரியாது. சூடும் தெரிந்த வால்வுகள் வேறு வகை. வென்ட் இல்லாமல் மூடியே இருக்கும் சுடுநீர்ச் சிலிண்டர்களில், தண்ணீர் 90 முதல் 95 டிகிரியை எட்டினாலே திறக்கிற வால்வு உண்டு. அதையும் இதையும் ஒன்றென நினைக்கக் கூடாது.

பாய்லரில் சூட்டைக் கண்காணிக்கும் வேலை வேறு ஆட்களுடையது. முதலில் சாதாரணத் தெர்மோஸ்டாட். அது தவறினால், அதைவிட உயர்ந்த சூட்டில் பர்னரை அடியோடு நிறுத்திவிடும் இரண்டாவது கட்-அவுட். பெரும்பாலும் ஒருவர் வந்து பொத்தானை அழுத்தினால்தான் அது மறுபடி பற்றவிடும். இரண்டும் தோற்றால் வென்ட் குழாய். வென்ட்டும் ஊட்டும் சேர்ந்தே தோற்றால் கடைசியாக நம் பித்தளை வால்வு. வரிசையில் கடைசி ஆள்.

வழி அடைபட்டால்

மேலே போகும் இரண்டு குழாய்களில் எது அடைபடுகிறது என்பதைப் பொறுத்துக் கதை மாறும். ஊட்டுக்குழாய் மட்டும் அடைபட்டு வென்ட் திறந்திருந்தால் அழுத்தம் ஏறாது. பெருகும் தண்ணீர் வென்ட்டிலேயே மேலேறி இறங்கும். ஆனால் சுற்றில் குறையும் தண்ணீரை நிரப்ப ஆள் இல்லை. மெல்ல மெல்லக் காற்று சேரும். மாடியிலுள்ள ரேடியேட்டர்களின் மேல்பாதி சூடாகாது. காற்றை வெளியேற்றலாம் என்று ரேடியேட்டர் முனையிலுள்ள திருகைத் தளர்த்தினால், கொஞ்சம் 'உஸ்' சத்தம் வந்து நின்றுவிடும். தண்ணீர் எட்டிப் பார்க்காது. இப்படியே விட்டால் ஒருநாள் பாய்லர் வறண்டு எரியும்.

வென்ட் மட்டும் அடைபட்டு ஊட்டு திறந்திருந்தால் அதைவிட மோசம், ஏனென்றால் எதுவும் தெரியாது. பெருக்கம் வழக்கம்போல ஊட்டுக்குழாயில் போய்வரும், வீடு சூடாக இருக்கும், வருடக்கணக்கில் எல்லாம் நன்றாகவே ஓடும். தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில்தான் ஆவிக்குப் போக வழியில்லாமல், அது 15 மில்லிமீட்டர் ஊட்டுக்குழாயில் இருக்கும் தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு தொட்டியின் அடியிலிருந்து கொப்பளிக்கும்.

இரண்டும் அடைபட்டால்? அப்போது அது திறந்த அமைப்பே அல்ல. பெருகும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் கலன்கூட இல்லாத, இறுக மூடிய பாத்திரம். இங்கே தண்ணீரின் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது என்பது நடைமுறையில் உண்மைதான். துளிகூட இடமில்லாமல் தண்ணீர் நிரப்பி மூடிய, கொஞ்சமும் விரியாத பாத்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்திலிருந்து ஒரே ஒரு டிகிரி ஏற்றினாலே அழுத்தம் 4 பாருக்கு மேல் ஏறும். 60 டிகிரிப் பக்கம் போனால் டிகிரிக்கு 10 பாரையும் தாண்டும். நிஜக் குழாயும் ரேடியேட்டரும் கொஞ்சம் விரிந்துகொடுக்கும், உள்ளே சிக்கிய காற்றும் கொஞ்சம் அமுங்கும். அதனால் இவ்வளவு வேகம் இருக்காது. ஆனாலும் கொதிநிலையை நெருங்குவதற்கு வெகு முன்பே 3 பாரைத் தொட்டுவிடும். அந்த நேரத்தில் சேஃப்டி வால்வு செய்ய வேண்டிய வேலை மிகச் சின்னது. சில துளிகளை வெளியே விட்டாலே போதும், அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும்.

பர்னரும் நிற்காமல் எரிந்தால்தான் வால்வுக்குப் பெரிய வேலை. இப்போது அது துளிகளை அல்ல, ஆவியை வெளியேற்ற வேண்டும், அதுவும் பாய்லர் உண்டாக்கும் அதே வேகத்தில். 20 கிலோவாட் பாய்லர் மணிக்கு 30 கிலோவுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்கும். இதனால்தான் சேஃப்டி வால்வை வாங்கும்போது திறக்கும் அழுத்தத்தோடு, எத்தனை கிலோவாட் பாய்லருக்கு அது ஈடுகொடுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். குழாயின் அளவுக்குப் பொருந்துகிறது என்பது மட்டும் காரணமாகாது.

அந்த வால்வும் இல்லை, அல்லது இருந்தும் இறுகிப்போயிற்று என்றால் என்ன ஆகும்? 3 பார் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 143 டிகிரியில்தான் கொதிக்கும். பாய்லருக்குள் 10 லிட்டர் தண்ணீர் அந்தச் சூட்டில் இருக்கிறது, எங்கோ ஒரு தையல் கிழிந்து அழுத்தம் திடீரென்று விடுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 டிகிரிக்கு மேல் தேங்கியிருந்த சூடு முழுவதும் அந்தக் கணத்தில் தண்ணீரை ஆவியாக்கும். அதில் ஏறக்குறைய 8 சதவீதம், அதாவது 800 கிராம் தண்ணீர், நொடிப்பொழுதில் 1,300 லிட்டர் ஆவியாக விரியும். பாய்லர் வெடிப்பது என்றால் இதுதான். தீயோ எரிவாயுவோ வெடிப்பதில்லை, தண்ணீர் வெடிக்கிறது. அழுத்தம் இன்னும் ஏறியிருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

இரண்டு குழாயும் ஒரே நேரத்தில் அடைபடுமா என்று தோன்றலாம். அடைபடும், அதற்கு மிக எளிய காரணம் குளிர். இரண்டும் ஓடுவது ஒரே பரணில்தான். வீட்டில் யாருமில்லாத பனிக்காலத்தில் பாய்லரை அணைத்துவிட்டுப் போனால், துணி சுற்றாத பரண் குழாய்களில் தண்ணீர் உறைந்துவிடும். திரும்பி வந்தவர்கள் குளிர் தாங்காமல் முதலில் செய்வது பாய்லரை மூட்டுவதுதான். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சமையலறை அடுப்புக்குப் பின்னால் இருந்த சின்ன பாய்லர்கள் கடும்பனிக் காலங்களில் வெடித்ததற்குக் காரணம் இதேதான்: மேலே பனிக்கட்டி அடைப்பு, கீழே தீ.

இன்னொரு காரணம் மனிதக் கை. ஊட்டுக்குழாயில் பழைய காலத்து கேட் வால்வு இருந்து, ஏதோ வேலைக்கு மூடியவர் திறக்க மறந்திருக்கலாம். வென்ட்டிலிருந்து தண்ணீர் கொட்டுகிறதே என்று யாரோ அதற்கு மூடி போட்டிருக்கலாம். மூன்றாவது காரணம்தான் மிகச் சாதாரணமாக நடப்பது. அது கறுப்புக் கசடு.

சொட்டும் வால்வு செய்யும் துரோகம்

ரேடியேட்டர்கள் எஃகால் ஆனவை. புதிய தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் எஃகை அரிக்கும். அரித்தது கறுப்பு மையாக, மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடாகத் தண்ணீரில் மிதந்து, ஓட்டம் குறைந்த இடமாகப் பார்த்துப் படியும். ஓட்டமே இல்லாத இடம் எது? ஊட்டுக்குழாய் சுற்றோடு சேரும், 'T' வடிவிலான டீ இணைப்பு. பல வீடுகளில் ஊட்டுக்குழாயும் வென்ட்டும் ஒரே குழாயில், ஒன்றுக்கொன்று 150 மில்லிமீட்டருக்குள் சேரும்படி வைத்திருப்பார்கள். பம்பு ஓடும்போது இரண்டு இணைப்புக்கும் அழுத்த வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி. இல்லாவிட்டால் பம்பு வென்ட் வழியாகத் தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளிச் சுற்ற ஆரம்பித்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கசடுக்கு அந்த மூலை ரொம்பப் பிடிக்கும்.

அப்படி அடைபட்ட ஊட்டுக்குழாயை வெட்டி எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தால் நம்ப முடியாது. வெளியே பளபளவென்று செப்பு. வெட்டிய முகத்தில் கறுப்பு, கெட்டி, கரிக்கட்டி மாதிரி. நடுவில் பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தால் அதிர்ஷ்டம். பல நேரம் அதுவும் இருக்காது.

இதில் நம் சேஃப்டி வால்வுக்கு என்ன பங்கு? அதன் ரப்பர் தட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே மணல் போன்ற ஒரு துகள் சிக்கினால் போதும், வால்வு சொட்டத் தொடங்கும். பரண் தொட்டியும் வென்ட்டும் இல்லாத மூடிய அமைப்பில் இது உடனே தெரிந்துவிடும். அழுத்தமானி நாளுக்கு நாள் இறங்கும், பாய்லர் நின்றுவிடும், ஆளைக் கூப்பிடுவோம். திறந்த அமைப்பில் எதுவுமே நடக்காது. சொட்டியதைப் பரணிலுள்ள மிதவை வால்வு சத்தமில்லாமல் நிரப்பிவிடும். ஒவ்வொரு துளிக்கும் பதிலாக ஆக்சிஜனோடு ஒரு புதுத் துளி. துருவைத் தடுக்கக் கலந்த மருந்தும் நீர்த்துப்போகும். ரேடியேட்டர் வேகமாக அரிக்கும், கசடு சேரும், ஊட்டுக்குழாயின் மூலை அடைபடும். எந்த ஆபத்துக்காக வால்வை வைத்தோமோ, அந்த ஆபத்தை அந்த வால்வே வருடக்கணக்கில் உட்கார்ந்து தயாரிக்கிறது. மிதவையைத் தூக்கி வைத்த தொட்டி தினமும் வழிவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. 'வால்வே வேண்டாம்' என்னும் கட்சிக்காரர்களின் வாதத்தில் எனக்கு மதிப்பு உண்டென்றால் அது இந்த ஒரு காரணத்தால்தான்.

அதற்காகச் சொட்டும் வால்வின் வாயில் அடைப்பான் போட்டுவிடலாமா? இப்படிச் செய்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. 1831 ஜூன் மாதம் அமெரிக்காவின் தென் கரோலினாவில் 'பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்' என்ற ரயில் எஞ்சின் வெடித்தது. சேஃப்டி வால்விலிருந்து ஆவி சீறும் சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று தீயிடும் பணியாளர் அதை அழுத்தி மூடிவைத்ததுதான் காரணம் என்று சொல்வார்கள். அவரும் பிழைக்கவில்லை. சொட்டும் வால்வுக்கு ஒரே மருந்து புது வால்வு. விலை பெரிதில்லை, வேலையும் பெரிதில்லை.

இதற்கு நேரெதிரான நோயும் உண்டு. 15, 20 வருடம் ஒருமுறைகூடத் திறக்காத வால்வில் ரப்பர் சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்; சுண்ணாம்புப் படிவு சேர்ந்து ஸ்பிரிங்கை இறுக்கும். மூடிய அமைப்பில் சேஃப்டி வால்வு அவ்வப்போதாவது இமைக்கும். திறந்த அமைப்பிலோ அதற்கு வேலை வருவதே இல்லை. கடைசி நாளில் எழுந்திருக்க வேண்டியவன் அதுவரை ஒருநாளும் எழுந்ததில்லை. சரி, குமிழைத் திருப்பிச் சோதித்துவிடலாமே என்றால், பழைய வால்வு திறந்துவிட்டுச் சரியாக மூடாமல் அன்றிலிருந்து சொட்ட ஆரம்பிக்கலாம். அதனால் வருடாந்திரச் சர்வீஸுக்கு ஆள் வரும்போது, கையில் மாற்று வால்வு இருக்கும்போது, அவரையே திருப்பிப் பார்க்கச் சொல்வது நல்லது.

எங்கே மாட்டுவது

இடம் பற்றிய விதி சுருக்கமானது. பாய்லர் மேலேயே, அல்லது அதிலிருந்து சூடான நீர் வெளியேறும் குழாயில் பாய்லரை ஒட்டி. பாய்லருக்கும் வால்வுக்கும் நடுவே மூடக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. வெளியேறும் வாயிலிருந்து உலோகக் குழாய், வாயின் அளவுக்குக் குறையாமல், சரிவாக இறங்கி, யார் மேலும் தெறிக்காத, ஆனால் கண்ணில் படும் ஓர் இடத்தில் முடிய வேண்டும். கண்ணில் படுவது முக்கியம். சுவருக்குப் பின்னால் முடியும் குழாய் சொட்டினாலும் ஒன்றுதான், கொட்டினாலும் ஒன்றுதான்.

எந்த பாய்லருக்கு இது கட்டாயம் என்பதற்குத் தயாரிப்பாளரின் கையேடும் அந்த நாட்டு விதியும்தான் பதில். என் கருத்தைக் கேட்டால், எரிவாயு பாய்லருக்கும் விறகு, கரி பாய்லருக்கும் வித்தியாசம் பார்ப்பேன். எரிவாயு என்றால் ஒரு சுவிட்சில் தீ அணையும். கரி அடுப்பில் தீயை அணைக்க முடியாது. மின்சாரம் போய்ப் பம்பு நின்றாலும் உள்ளே கங்கு தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். அதனால்தான் அந்த பாய்லர்களுக்குத் திறந்த அமைப்பையே விரும்புகிறார்கள். பம்பு இல்லாமலேயே, சூடான தண்ணீர் தானாக மேலேறிப் போய் ஆறும்படி மூடவே முடியாத ஒரு ரேடியேட்டரையும் வைப்பார்கள். அங்கே சேஃப்டி வால்வைத் தவிர்ப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நீங்களே பார்க்கக்கூடியவை

பாய்லர் ஓடும்போது பரண் தொட்டியின் தண்ணீரைப் பாருங்கள். ஊட்டுக்குழாய் வழியே ஏறிய பெருக்கத்தால் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத சூடு, ஆவி, அல்லது வென்ட் முனையிலிருந்து தண்ணீர் ஓயாமல் விழுவது இயல்பில்லை. தண்ணீரைத் தொடுவதற்கு முன் தொட்டியின் வெளிப்பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும்.

கடும்பனியில் பூட்டிக்கிடந்த வீடு என்றால், பரண் குழாய்களையும் தொட்டியையும் பார்க்காமல் பாய்லரை மூட்டவே கூடாது. ஏற்கெனவே கொதித்துக் குமுறுகிறது என்றால் பர்னரை நிறுத்திவிட்டு, பம்பு ஓடினால் ஓடவிட்டு, தானாக ஆற விடுங்கள். வறண்டு சிவந்த பாய்லருக்குள் குளிர்ந்த தண்ணீரை விடுவது, அடுப்பில் காய்ந்த கடாயில் தண்ணீர் தெளிப்பதைப் போல ஆயிரம் மடங்கு.

அப்புறம், ஊட்டுக்குழாய் திறந்திருக்கிறதா என்பதைச் சோதிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று காந்தம். செப்பைக் காந்தம் இழுக்காது. டீ இணைப்புக்குப் பக்கத்தில் ஊட்டுக்குழாய் மேல் ஒரு சின்னக் காந்தத்தை வையுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டால், ஒட்டுவது குழாயோடு அல்ல, உள்ளே கெட்டிப்பட்டிருக்கும் மேக்னடைட்டோடு. இன்னொன்று: பாய்லரை அணைத்து நன்றாக ஆறவிட்டு, மிதவையைத் தூக்கிக் கட்டிப் புதுத்தண்ணீர் வராமல் செய்துவிட்டு, கீழே உள்ள வடிகுழாயில் ஒரு வாளி தண்ணீரைப் பிடியுங்கள். ஒருவர் கீழே, ஒருவர் பரணில். தொட்டியின் மட்டம் இறங்கினால் வழி இருக்கிறது. வாளி நிறைந்தும் மேலே மட்டம் அசையவில்லை என்றால், பாய்லரை மறுபடி மூட்டாமல் பிளம்பரைக் கூப்பிடுங்கள். மிதவையின் கட்டை அவிழ்க்கவும் மறந்துவிட வேண்டாம்.